கல்வராயன் மலையில் சிக்னல் கிடைக்கிற திருப்பம்

பொங்கல் முடிந்த வாரம் கல்வராயன் மலைக்குப் போய்வந்தேன். அருவியில் குளிக்கப் போகவில்லை. என் தங்கை மகள் யாழினிக்கு மொட்டையடித்துக் காது குத்தப் போனேன். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அதற்காகவே பிரான்ஸில் லீல் நகரத்திலிருந்து லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். மாமன் வந்தாயிற்று. பெற்றவள்தான் வரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் புரியாது.

நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். பிரெஞ்சுக்காரர்கள் போனபோது எங்கள் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். அதனால் எனக்கும் தங்கை சுமதிக்கும் பிறந்ததிலிருந்தே பிரெஞ்சு பாஸ்போர்ட். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை அதை வைத்துக்கொண்டு லண்டனில் யாரையும் கேட்காமல் வாழலாம், வேலை செய்யலாம். சுமதி அப்படித்தான் போனாள். அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்ட கள்ளக்குறிச்சிக்காரர் பாலுவைக் கட்டிக்கொண்டாள். லீலிலிருந்து லண்டனுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். சனிக்கிழமை மதியம் அவள் வீட்டில் சாப்பாடு, ஞாயிறு இரவு கையில் ஒரு தூக்குடன் வீடு. என்ன சுகமான காலம் அது!

பிறகு பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியது. ஒருமுறை அவள் கட்டிக்கொடுத்த ஆட்டுக்கறியைச் சுங்கத்தில் வாங்கிக் குப்பையில் போட்டார்கள். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி கொண்டுவரக் கூடாதாம். கறி போனால் போகிறது. அங்கே தங்கியிருக்கும் ஐரோப்பியர்கள் தொடர்ந்து இருக்கக் கெடுவுக்குள் மனுப் போடவேண்டும் என்று அறிவித்தபோது சுமதி போடவில்லை. “அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்குண்ணா. நமக்குத்தான் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கே” என்றாள். சிரிக்காதீர்கள். அந்த பாஸ்போர்ட்டைக் காட்டினால் எந்தக் கதவும் திறக்கும் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் சோறு ஊட்டினார்கள்.

கெடு தாண்டிப் போட்ட மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. பதில் வருமுன் நாட்டைவிட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று வக்கீலுக்கே தெரியவில்லை. காது குத்துவது ஒற்றைப்படை வயதில். ஒரு வயதில் தள்ளிப்போட்டோம். இப்போது மூன்றும் முடியப்போகிறது, இதை விட்டால் ஐந்துதான். கடைசியில் அவளே சொன்னாள்: “நீங்க போய்ட்டு வாங்க. ஆனா குத்தறப்ப நான் பாக்கணும்ணா. போன்லயாச்சும் பாக்கணும்.” சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம். உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே பஸ் மாறவேண்டும். மூட்டை முடிச்சு குறைவாக இருப்பது நல்லது. பாலுவும் குழந்தையும் முன்பே வந்து அவர் அக்கா கலா வீட்டில் தங்கியிருந்தார்கள். கலா அக்கா அதட்டிப் பேசினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

மறுநாள் காலை ஆறரைக்கு வேன் கிளம்பியது. நாள் வாடகை 4,500 ரூபாய், டீசல் சேர்த்து. டிரைவர் முருகேசன் வடக்கனந்தல்காரர். காது குத்தும் ஆசாரியும் மொட்டையடிப்பவரும் எங்களோடு வந்தார்கள். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை, அப்புறம் மலைப்பாதை. ஜன்னலைத் திறந்தால் குளிர் முகத்தில் அறைகிறது. மேலே மரவள்ளித் தோட்டங்கள், இடையிடையே பலா மரங்கள். எழுபதுகள் வரை இந்த மலை ஜமீன்தார்கள் மாதிரியான ஜாகிர்தார்கள் கையில் இருந்தது என்றார் முருகேசன். “மலைக்காரங்க நாட்டோட லேட்டாத்தான் சேந்தாங்க சார்.” சேர்வதற்குத் தாமதமானவர்களும் உண்டு, சேர்ந்தபின் பிய்த்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நடுவில் மாட்டிக்கொண்டது என் தங்கை. அவளுக்கு இந்தக் குளிர் ரொம்பப் பிடித்திருக்கும்.

பாலுவின் குலதெய்வக் கோயில் வெள்ளிமலைக்கு அப்பால். எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பஞ்சாங்கப்படி ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முடிக்கவேண்டும். மொட்டை முடிந்தது. போனை எடுத்தால் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. பாறைமேல் ஏறினேன், புளியமரத்தடிக்கு ஓடினேன், போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். ம்ஹூம். லண்டனில் அப்போது விடியற்காலை நாலு மணி. அங்கே அவள் போனை எதிரில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“நேரம் போய்க்கினே இருக்கு. மாமா வந்து உக்காருங்க” என்றார் கலா அக்கா.

“அவ பாக்காம நான் உக்கார மாட்டேங்க.”

“இன்னா பேச்சு இது? சாமிய வுட்டுட்டு வேற எங்க போய் குத்தறது?”

பாலு தலையைக் குனிந்துகொண்டார். அப்போது முருகேசன் மெல்லச் சொன்னார்: “வந்த வழியில ஒரு திருப்பம் இருக்குங்க. ஒத்தைப் பாறை. அங்க நின்னா டவர் எடுக்கும். நான் வூட்டுக்குப் பேசறதே அங்கதான்.”

எல்லாரும் கலா அக்காவைப் பார்த்தோம். அவர் சாமியைப் பார்த்தார். யாழினியின் மொட்டைத் தலையில் சந்தனத்தை ஒருமுறை தடவினார். அப்புறம் விபூதித் தட்டையும் கற்பூரத்தையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வேனைப் பார்த்து நடந்தார்.

“சாமி கூப்ட்ட எடத்துக்கு வரும். அவதான் வர முடியாதவ. ஏறுங்க எல்லாரும்!”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதட்டுகிற அக்காக்களை இனிமேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

பத்து மணிக்குத் திருப்பத்தில் இறங்கினோம். ஒத்தைப் பாறையில் கற்பூரம் ஏற்றினார்கள். சாலையோரம் ஜமக்காளம் விரித்து யாழினியை மடியில் வைத்துக்கொண்டேன். டவர் எடுத்தது. முதல் மணியிலேயே சுமதி. “ஐயோ, மொட்டை பாரு! எஞ்செல்லம்!” என்று சிரித்தாள். பாலு போனைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்தார். அவ்வளவுதான், “ஐயோ, என்னால பாக்க முடியாதுண்ணா!” என்று இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள் என் தங்கை. இதற்காகவா சாமியையே வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம்!

யாழினி வீறிட்டாள். என் வேட்டியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு காதும் முடிந்ததும் என்னை உதறிவிட்டுப் போனைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“அம்மா, தூக்கு.”

சுமதி முகத்திலிருந்த கையை எடுத்து எங்கள் பக்கம் நீட்டினாள். திரை முழுக்க அவள் உள்ளங்கைதான் தெரிந்தது. பாலு போனைக் கீழே வைக்கவில்லை. கலா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தை மாதம் போனால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கள்ளக்குறிச்சியிலேயே எடுத்துவிடுங்கள். மலைக்கு பஸ் உண்டு, ஆனால் குழந்தையோடு போனால் வேன்தான் வசதி. மலையில் தேனும் கடுக்காயும் வாங்கலாம். நான் வாங்கிய தேன் சுமதிக்கு. இந்த முறையும் சுங்கத்தில் பிடுங்காமல் அதை அவள் கையில் எப்படிச் சேர்ப்பது என்று இன்னும் தெரியவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள், எந்த பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், கெடு என்று ஒன்று காதில் விழுந்தால் அன்றைக்கே விசாரியுங்கள்.

யாரோடாவது பேசவேண்டுமென்றால் வெள்ளிமலைக்கு அப்பால் அந்த ஒத்தைப் பாறைத் திருப்பத்தில் வண்டியை நிறுத்துங்கள். நாங்கள் மறுபடி போவோம். அவளுக்கு நல்ல பதில் வந்ததும் அவளையும் கூட்டிவந்து பொங்கல் வைப்பதாகக் கலா அக்கா வேண்டிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு வேன் அந்தத் திருப்பத்தில் நிற்காமல் போகவேண்டும்.