ஆணியில் தொங்கிய ரொட்டி

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. அந்த ரொட்டியை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

எங்கள் ஊர் பாமீர் மலையில் இருக்கிறது. பட்டாளத்துக்குப் போகிற பிள்ளை, வீட்டு ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுத்தான் கிளம்புவான். மீதியை அம்மா சுவரில் மாட்டி வைப்பாள். அவனே திரும்பி வந்து அதைத் தின்று தீர்க்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. என் தம்பி ஷெரோஸ் கடித்த ரொட்டியை அம்மா நீல நூலால் கட்டி ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். தினமும் அதைப் பார்த்த பிறகுதான் அடுப்பை மூட்டுவாள்.

அன்று அவன் விடுமுறையில் வருவதாக இருந்தது. ராணுவ விமானத்தில் இடம் கிடைத்திருந்தது. காலையிலிருந்தே ஒரே பனிமூட்டம். அம்மா தயிர் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள்.

மாலை மூன்றே முக்கால். டக்... டக்... கதவைத் திறந்தேன். ஷெரோஸ்!

"என்னடா, இப்படி எளச்சுப் போயிட்ட? பட்டாளத்துல சோறே போடலையா?"

சிரித்தான். உள்ளே வரவில்லை.

"அக்கா, என் ரொட்டியக் குடு."

"அம்மா வரட்டும்டா. உள்ள வா, டீ ஊத்துறேன்."

"நேரமில்லக்கா... பசிக்குது."

எடுத்துக் கொடுத்தேன். அவன் விரல் பட்டது. ஐஸ்.

அவனைக் கண்டால் மேலே பாய்கிற நாய், கட்டிலுக்கு அடியில் முனகிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ மண்ணெண்ணெய் வாடை...

அவன் கண்ணை மூடி ஒரு கடி கடித்தான். மீதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"வந்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிடு."

டீ ஊற்றத் திரும்பினேன்.

மறுபடி பார்த்தால்... யாருமில்லை.

வாசலில் கிடந்த பனியில் அம்மா போன தடம் மட்டும்தான் இருந்தது, அவன் காலடி ஒன்றுகூட இல்லை.

அம்மா வந்ததும் ஆணியைத்தான் பார்த்தாள். "ரொட்டி எங்கடி?"

"தம்பி வந்தான்மா. ஒரு கடி தின்னுட்டுப் போயிட்டான்."

அவள் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. "கழுத! கூட்டாளிங்களப் பாக்க ஓடியிருப்பான். பசிச்சா தானா வருவான்" என்று அவனுக்காகப் புலாவுக்குக் கேரட்டை நறுக்க உட்கார்ந்தாள். அவன் காலடி இல்லாததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரிசி வேகும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. விமானம் மலைமுகட்டில் மோதிவிட்டது, யாருமே பிழைக்கவில்லை என்றார்கள். மோதியது காலை ஒன்பதே கால் மணிக்கு.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லா உடலும் கருகிப்போய், எது யாரென்று தெரியவில்லை. எல்லோரையும் ஒரே குழியில் புதைத்துவிடலாம் என்றார்கள். "எம்புள்ளய எங்கிட்ட குடுங்க" என்று அம்மா நகர மறுத்துவிட்டாள்.

கடைசியில் ஒரு அதிகாரி துணியில் சுற்றி எதையோ கொண்டுவந்தார். "ஒரு பையனோட பையில இருந்துச்சும்மா. எல்லாம் எரிஞ்சும் இது மட்டும் எரியல."

ரொட்டி. நீல நூல்.

அம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கடி இருந்தது.

அந்த ரொட்டி எந்தப் பெட்டியில் இருந்தது என்று கேட்டு, அதன்மேல் கையை வைத்தாள். அழவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"டீ குடிச்சானாடி?"

"இல்லம்மா... ஊத்துறதுக்குள்ள போயிட்டான்."

அப்போதுதான் அழுதாள்.