ஓடில்லாத நத்தையும் க்யூசி அக்காவும்

பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாறைகள் நிறைந்த ஒரு கடற்கரை. எங்கள் ஷூ கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை அழைத்துப்போகும் சுற்றுலாவுக்காக ஆம்பூரிலிருந்து வந்திருந்தோம். கிளம்பும் நேரம் தாண்டி அரைமணி ஆகியிருந்தது. எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஏறாதவர்கள் இரண்டே பேர். ஒருவர், புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, பாறைக்குழி ஒன்றில் தேங்கியிருந்த தண்ணீரையே பார்த்தபடி குந்தியிருந்த க்யூசி அக்கா. இன்னொருத்தி, அவரைக் கையோடு கூட்டிவரும்படி மேனேஜர் அனுப்பிவைத்த நான்.

"இன்னா இது, பாரேன்" என்றார். பார்த்தேன். கட்டைவிரல் நகம் நீளத்துக்கு ஒரு உயிர், கல்லின் அடியில் ஒட்டியிருந்தது. பால் நிற உடம்பு. ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள். முன்னால் இரண்டு கொம்புகள், பின்னால் பூப்போல விரிந்த செவுள். நான் வேலூரில் விலங்கியல் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்தோடு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆர்டர் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். படிப்பைக் காட்ட வாய்ப்புக் கிடைத்தால் விடுவேனா? "கடல் நத்தைக்கா. ஓடு இல்லாத ஜாதி. சாதாரணமா கிடைக்கறதுதான், வாங்க போலாம்" என்றேன். அதுவரை அப்படி ஒன்றை நான் உயிரோடு பார்த்ததே இல்லை. 'சாதாரணம்' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த எட்டு மாதம் என் உயிரை வாங்கிவிட்டார்.

அவர் வரவில்லை. எலுமிச்சை சாதம் கொண்டுவந்த டப்பாவின் கண்ணாடிபோன்ற மூடியைக் கழுவி, கடல்தண்ணீர் மொண்டு, நத்தையை அதில் விட்டார். தலைக்கு மேல் தூக்கிப்பிடித்து அடியிலிருந்து பார்த்தார். "ஃபோட்டோ எடு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு" என்றார். பைக்குள்ளிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தார். சுற்றுலாவுக்கு யாராவது ஸ்கேல் கொண்டுவருவார்களா? அதற்குள் டிரைவரே இறங்கி வந்துவிட்டார். "கடல் அட்டை புடிச்சா கேஸ் ஆய்டும்மா, விட்டுட்டு வாங்க" என்றார். கடல் அட்டை என்பது வேறு பிராணி, இது வேறு என்று நான் அவருக்கு விளக்கினேன். பிறகு பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் விளக்க வேண்டியிருந்தது. இதற்கென்று தமிழில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயராவது இருந்திருக்கக் கூடாதா? அக்காவோ எதையும் காதில் வாங்காமல், எடுத்த குழியிலேயே, எடுத்த கல்லின் அதே பக்கத்தில் நத்தையை விட்டுவிட்டுத்தான் எழுந்தார். செங்கல்பட்டு வரும்வரை பஸ்ஸில் ஒருவரும் எங்களோடு பேசவில்லை.

அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தைப்பதற்குமுன் ஒவ்வொரு தோல் துண்டையும் புரட்டிப் பார்த்து, குறை இருந்தால் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டுத் தள்ளிவைப்பது அவர் வேலை; குவாலிட்டி கன்ட்ரோல் என்பதைச் சுருக்கித்தான் க்யூசி அக்கா. உண்ணிக் கடி, முள் கீறல், நரம்புத் தடம் எல்லாம் மற்றவர்களுக்கு விளக்கடியில் வைத்தால்தான் தெரியும். அவர் ஜன்னல் வெளிச்சத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அதனால் கட்டிங் பிரிவில் பாதிப் பேர் அவரோடு பேசுவதில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, நாட்றம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பதினெட்டு வருஷமாக வந்துபோய்க்கொண்டிருந்தார்.

நான் அந்தப் படங்களை, இயற்கைப் படங்களைப் பகிரும் இணையதளம் ஒன்றில் ஏற்றினேன். எனக்குத் தெரிந்த பெயரையும் போட்டேன். முன்பின் அறியாத இரண்டு பேர் அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார்கள். விஷயம் முடிந்தது என்று சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் காட்டினேன். பக்கத்தில் அந்தச் சாதாரண நத்தையின் படத்தையும் வைத்தேன். சோற்றைப் பிசைந்த கையை ஒதுக்கிவைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது அது இல்ல."

"அதுதான்க்கா."

"அதுல ஓரம் முழுக்க கோடு ஓடுது. நம்மளுதுல புள்ளி புள்ளியா நின்னு நின்னு போவுது."

ஒரே இனத்துக்குள் இப்படிச் சின்ன மாற்றங்கள் இருக்கும், நான் அதைப் படித்திருக்கிறேன் என்றேன். "படிச்ச, சரி. பாத்தியா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் எனக்கு நிம்மதி இல்லை. ஒருநாள் கொம்பின் நிறம் என்பார், மறுநாள் செவுளின் நுனி என்பார். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் வரும். "அந்த நத்தைக்கு வயித்துப் பக்கம் எப்பிடி இருக்கும், கேட்டியா?" யாரிடம் கேட்பது? உலகத்தில் எல்லோரும் அதை மேலிருந்துதான் படம் பிடித்திருக்கிறார்கள். "தோலை ஒரு பக்கம் மட்டும் பாத்து எப்பிடிம்மா அனுப்புறது?" என்பார். பேஜாராக இருந்தது. ஆனாலும் தேடினேன். இரண்டு வாரம் கழித்து, எங்கோ ஒரு தீவில் ஒருவர் அதன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தது கிடைத்தது. வெறும் வெள்ளை. எங்கள் படத்தில் அடி ஓரம் முழுக்க டீத்தூள் தூவினாற்போல் பழுப்புப் புள்ளிகள். வெளிச்சத்தில் அப்படித் தெரியலாம் என்று அப்போதும் சமாளித்தேன். ஒத்துக்கொள்ளாமல் இருக்க எனக்கிருந்த ஒரே காரணம் என் டிகிரி சர்டிபிகேட்.

கடைசியில் அவர் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான், கடல் நத்தைகளை ஆராயும் ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. எல்லாம் கேள்விகள். எவ்வளவு நீளம், எதன்மேல் இருந்தது, கல்லின் எந்தப் பக்கம், கொம்பில் எத்தனை மடிப்பு. எனக்கு ஒன்றுக்கும் விடை தெரியாது. அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மஞ்சள் கடற்பஞ்சின்மேல், கரையைப் பார்த்த பக்கம், பதினாறு மில்லிமீட்டர். "கொம்புக்குப் பதினொரு மடிப்பு எண்ணினேன். அடியில இன்னும் இருந்திருக்கலாம், தெரியல. தெரியலன்னே எழுது." அப்படியே எழுதினேன். இந்த முறை பதில் உடனே வந்தது. இது மிக அரிதாகவே பதிவாகியிருக்கும் இனம், நம் கரையில் பழைய குறிப்புகள் ஒன்றிரண்டுதான், உயிரோடு எடுத்த இவ்வளவு தெளிவான படத்தைத் தான் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். ஆய்விதழுக்கு ஒரு சிறு குறிப்பு எழுதலாம் என்றார்.

எழுதினோம். அச்சில் ஆராய்ச்சியாளர் பெயரும் என் பெயரும் வந்தன. கடைசி வரியில் 'களத்தில் உதவிய தோழிக்கு நன்றி' என்று இருந்தது. அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. என் கடிதங்களில் எல்லாம் 'நான் கண்டது', 'நான் அளந்தது' என்று எழுதியவள் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிரதியை அக்காவிடம் கொடுத்த அன்று, தன் பெயர் எங்கே என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்து நாலைந்து பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. எழுத்தைப் பார்க்காமல் படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"இத இன்னாத்துக்குத் திருப்பிப் போட்டீங்க?"

"எதைக்கா?"

"வலது ஓரத்துல ஒரு கடி இருந்துது. மீன் கொத்தியிருக்கும். இதுல இடது பக்கம் இருக்குது."

மேல்படம், அடிப்படம் இரண்டிலும் தலை ஒரே பக்கம் இருந்தால் அழகாக இருக்குமென்று மேல்படத்தை ஃபோனிலேயே இடவலமாகத் திருப்பியவள் நான். ஆராய்ச்சியாளருக்குத் தெரியவில்லை. இதழில் பார்த்தவர்களுக்கும் தெரியவில்லை. "யாருக்கும் தெரியாதுக்கா, விட்டுடுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியுதே."

பெயருக்காகக் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்த மனுஷி படத்துக்காக மட்டுமே வருத்தப்பட்டார். வேறு வழியில்லாமல் ஆராய்ச்சியாளருக்கு எழுதினேன். இந்த வகை நத்தைகளில் உடலின் துவாரங்கள் வலப்பக்கம்தான் இருக்கும், திருப்பிய படம் பின்னால் பார்ப்பவர்களைக் குழப்பும், உடனே திருத்தம் போட வேண்டும் என்று மறுநாளே பதில் வந்தது. கீழே ஒரு வரி: 'இதைக் கவனித்தது யார்?'

அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் எழுதினேன். யார் கண்டது, யார் அளந்தது, யார் எண்ணியது, 'சாதாரணம்' என்று சொன்னது யார், எட்டு மாதம் அதை ஒத்துக்கொள்ளாதது யார் எல்லாம். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கண்ணியமாக, ஆனால் உறைக்கும்படி எழுதினார். அடுத்த இதழில் திருத்தம் வந்தது. படம் நேராக இருந்தது. ஆசிரியர் வரிசையில் அக்காவின் பெயர் முதலில் இருந்தது.

அதைப் படித்துக்காட்டியபோது, பெயரை மட்டும் இன்னொருமுறை படிக்கச் சொன்னார். "முன்னால ஒரு எழுத்து இருக்குதே, எங்க அப்பாதா, எங்க வூட்டுக்காரர்தா?" பள்ளிச் சான்றிதழில் இருந்தபடி அப்பாவுடையதைத்தான் கொடுத்தேன் என்றேன். அவர் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்தவர், கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்று அன்றுதான் எனக்குச் சொன்னார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். மணி அடித்தும் உடனே எழுந்திருக்கவில்லை. வேலைக்கு அவர் அப்படித் தாமதித்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

இப்போது நான் வாணியம்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். அக்கா அதே கம்பெனியில், அதே மேஜையில் இருக்கிறார். நேற்று ஃபோன் செய்தார். வருகிற சனிக்கிழமை காலை கடல் நன்றாக உள்வாங்குமாம். ஃபோனில் அட்டவணை பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார். கம்பெனிக்கு லீவு சொல்லியாகிவிட்டது, நானும் வர வேண்டும் என்றார்.

"ஃபோட்டோ நான் எடுக்கறேன். நீ பேரை மட்டும் சொல்லு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம், அதையும் நான் பாத்துக்கறேன்" என்றார்.

அன்று பள்ளியில் எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது. அதை மாற்றிவைக்கச் சொல்லி நாளைக்கு ஹெட்மாஸ்டரைக் கேட்க வேண்டும். என்ன காரணம் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.