மறைய வேண்டிய எழுத்து

அணுவைவிடச் சிறிய துகள்கள் மோதினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றுக்குக் கையேடு எழுதுவதும், அதைப் பயன்படுத்துவோரின் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் என் தொழில். பாராட்டுக் கடிதம் இதுவரை வந்ததில்லை. ஓடும்வரை யாரும் எழுதுவதில்லை, நின்றால் எல்லோரும் எழுதுகிறார்கள். எந்தத் தொழிலிலாவது புகார் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நாளிதழில் பல வருடம் செய்தி திருத்திவிட்டு இங்கே வந்தவன் நான். இயற்பியல் தெரியாது. தெரியாதவனுக்குப் புரிகிற மாதிரி எழுதினால் எல்லோருக்கும் புரியும் என்றுதான் என்னைச் சேர்த்தார்கள்.

மாடியில் ஓடும் மிஷின்கள்

மென்பொருளை உருவாக்கியவர் கதிர்வேல். பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். வீரபாண்டியில் அவருடைய மாமனாரின் பனியன் கம்பெனி மாடியில் எங்கள் அறை. கீழே தையல் மிஷின்கள், மேலே கம்ப்யூட்டர்கள். மதியத்தில் கீழிருந்து வரும் சத்தம் ஒரே சீராகி, தூரத்து மழைபோல ஆகிவிடும். சன்னல் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி மிதக்கும். கீழே இறங்கவே இறங்காது. அதைப் பார்த்தபடி கதிர்வேல் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

அதுதான் அவர் வேலை செய்யும் நேரம் என்று எனக்குப் புரியவே சில மாதம் ஆனது. மாமனாருக்கு இன்னும் புரியவில்லை. ஒருநாள் படியேறி வந்து, கம்ப்யூட்டர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க மாப்ளை, மிஷினு ஓடிட்டேதான் இருக்குது, கரண்டு பில்லும் வருது, பீஸ் ஒண்ணும் வெளிய வரக் காணமுங்களே?”

எந்த வழி?

இரண்டு துகள்கள் மோதி, வேறு இரண்டாக வெளியே வருகின்றன. நடுவில் நடந்ததை யாரும் பார்க்க முடியாது. ஆகவே நடந்திருக்கக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் எங்கள் மென்பொருள் ஒரு கோட்டுப்படம் வரையும். நெளிந்த கோடு, நேர்கோடு, வளையம் என்று படங்கள் பக்கம் பக்கமாக நீளும். பிறகு ஒவ்வொன்றையும் கணக்காக மாற்றி எல்லாவற்றையும் கூட்டும்.

‘இதில் உண்மையாக நடந்தது எந்தப் படம்?’ என்று ஒரு கல்லூரி ஆசிரியர் எழுதிக் கேட்டார். எங்கே, எப்போது, எப்படி என்று கேட்டே பிழைத்தவனாகையால் எனக்கும் அதே சந்தேகம். ‘எல்லாம் சேர்ந்ததுதான் நடந்தது’ என்று எழுதச் சொன்னார் கதிர்வேல். அப்படியே அனுப்பினேன். மறுநாள் ஆசிரியரின் பதில் வந்தது: “அப்படியானால் நடக்காதது என்று ஒன்று உண்டா, ஐயா?”

போகாத மிச்சம்

கணக்கு சரியா என்று பார்க்க இந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கிரேக்க எழுத்தை மதிப்பு எதுவும் கொடுக்காமல் கணக்குக்குள் விட்டுவைப்பார்கள். இயற்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கணக்குப் போடுகிறவர் தம் வசதிக்குச் சேர்த்துக்கொண்டது. எல்லாப் படங்களையும் கூட்டும்போது அது தானாகவே அடிபட்டு மறைய வேண்டும். விடையில் மிஞ்சினால், எங்கோ தப்பு.

ஊத்துக்குளிப் பெண் சுதாவுக்கு மிஞ்சியது. ஆராய்ச்சிப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் இந்தக் கணக்கைக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தால்தான் அந்த வேலை, இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. கடிதம் எழுதிப் பார்த்துச் சலித்து, நேரிலேயே வந்துவிட்டார். லேப்டாப்பைத் திறந்து, அந்த எழுத்தின்மீது விரலை வைத்துச் சொன்னார்: “தூங்கி எந்திரிச்சாப் போயிருக்கும்னு பாக்கறனுங்க. தெனமும் அங்கயேதான் உக்காந்துட்டிருக்குது.”

ஒன்று என்று வைத்தால்

அவர் எங்களோடு இருக்கும்போதே வழிகாட்டிப் பேராசிரியர் ஸ்பீக்கர் போனில் வந்தார். கெட்டவரல்ல, மாணவியின் வேலை கைநழுவிவிடுமே என்ற பதற்றத்தில் ஒரு குறுக்குவழி சொன்னார். அந்த எழுத்துக்கு ஒன்று என்று மதிப்புக் கொடுத்துவிட்டால் விடையில் எழுத்தே இருக்காது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், தப்பு உள்ளேயே இருக்கும். சோதிக்காத கணக்குக்கும் தேறிய கணக்குக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது.

“ஒண்ணுன்னு வெச்சு அனுப்பிரும்மா. அந்த எழுத்து எங்கேன்னு யாரு கேக்கப் போறாங்க?” என்றார் பேராசிரியர்.

சுதா லேப்டாப்பில் அந்த எழுத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: “நான் கேப்பனுங்களே சார்.”

வெளியே நின்றவை

சுதா மென்பொருளுக்குக் கொடுத்திருந்த கட்டளைகளைக் கதிர்வேல் வரிவரியாகப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. ஒருவகைத் துகள்களைச் சேர்க்க வேண்டாம் என்றது அந்த வரி. அவை கணக்குக்குள் மட்டுமே உலவுபவை. மோதலுக்குள் நுழைவதில்லை, வெளியே வருவதுமில்லை. நடுவில் ஒரு வளையம் சுற்றிவிட்டுக் கலைந்துவிடும். எந்தக் கருவியிலும் அகப்படாது. இந்தத் துறையில் அவற்றுக்குப் பேய் என்றே பெயர். ஆனால் அவை இல்லாமல் கூட்டல் நேராகாது.

இது சுதா படித்த பாடம்தான். ஆரம்பத்தில், மென்பொருள் ஓடுகிறதா என்று சும்மா பார்ப்பதற்கு, வேகமாக முடியட்டும் என்று அந்த வரியைப் போட்டிருக்கிறார். அப்புறம் எடுக்க மறந்துவிட்டார். தலையில் கைவைத்து உட்கார்ந்தவரிடம் கதிர்வேல் சிரிக்காமல் கேட்டார்: “பேயெல்லாம் வெளிய நிறுத்தி வெச்சுட்டு, கணக்கு ஏன் முடியலைன்னு அழுதீங்களாக்கும்?”

சுழி

வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டோம். மறுநாள் மதியம்தான் முடிவுக்கு வந்தது. திரை நிறைய நீண்ட கணக்குக் கோவை. படங்கள் சேரச் சேர, பனியன் துணியின் ஓரத்தில் நூலை இழுத்தால் வரிசை கண்ணி கண்ணியாகப் பிரிந்து போவதுபோல, அந்த எழுத்து இருந்த பகுதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயின. கடைசியில் அதற்கு நேரே பூஜ்யம் என்று ஒரு சுழி மட்டும். தூசிகூட ஒரு கணம் நின்றது போலிருந்தது.

தம் கணக்கில் சுதா கண்டதாக நினைத்திருந்த புதிய விளைவிலும் பெரும்பகுதி அந்த எழுத்தோடு போயிருந்தது. எஞ்சியது சின்னது, ஆனால் நிஜமானது. கட்டுரைக்கு அது போதுமாயிருந்தது. கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது, வேலையும் உறுதியானது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த மதியம் அவர் ஊத்துக்குளியில் மாடு வைத்திருக்கும் அப்பாவுக்குப் போட்ட போன்தான். “அப்பா, போயிருச்சுங்கப்பா! சுத்தமாப் போயிருச்சுங்க!” எதிர்முனையில் பால் கேனைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு நிதானமான குரல்: “போனதுக்கா கண்ணு இப்படிச் சிரிக்கறே?”

மிச்சம் ஒன்றும் இல்லை என்பதையே லாபமாகக் கொண்டாடும் தொழில் இது. இதை வீட்டில் விளக்கிச் சொல்ல மட்டும் முயலாதீர்கள்.