அத்தைக்கு அருள் வந்த இங்கிலீஷ் இசைத்தட்டு

லாகோஸில் என்னை வெள்ளைக்காரன் என்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை வெயிலில் கடலைக்காட்டில் வளர்ந்தவன் நான். என் நிறத்தைப் பற்றி ஊரில் யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இங்கே வந்து இறங்கிய மறுநாளே சந்தையில் குழந்தைகள் 'ஒயின்போ, ஒயின்போ' என்று பின்னால் ஓடி வந்தன. வெளித்தேசத்தான் எவனும் அவர்களுக்கு வெள்ளைக்காரன்தானாம். பெண் பார்க்கப் போன அன்று இந்தக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் கொஞ்சம் உபயோகமாக இருந்திருக்கும்.

இந்த எழுபதுகளில் நைஜீரியாவுக்கு வாத்தியார் வேலைக்கு வந்த ஏராளமான நம்மவர்களில் நானும் ஒருவன். கணக்குச் சொல்லித் தருகிறேன். முதல் விடுமுறைக்கு ஊர் கிளம்பும்போது, சரித்திரப் பாடம் எடுக்கும் டுண்டே ஓர் இசைத்தட்டைக் கையில் திணித்தார். இங்கிலாந்திலிருந்து வந்த ராக் கோஷ்டி ஒன்று இந்த ஊர் மேளக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பதிவுசெய்தது. மேலே கிதாரும் வெள்ளைக்காரன் குரலும் போகும், அடியில் இவர்களுடைய கொட்டு. கடைசிப் பாட்டில் பாடகன் பாதியில் வாயை மூடிக்கொள்வான். அப்போது கக்கத்தில் இடுக்கி அமுக்கி அடிக்கும் மேளம் ஒன்று தனியாகப் பேசும். அந்த மேளத்தை நேரில் பார்த்திருக்கிறேன். இடை சிறுத்து, நம் உடுக்கைக்கு அண்ணன் போல இருக்கும்.

எனக்கு அந்த இசைத்தட்டு வேறொரு காரியத்துக்கு வேண்டியிருந்தது. கல்யாணமான இருபதாம் நாள் சரசுவை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறியவன் நான். ஒன்றரை வருடம் கடிதத்திலேயே குடும்பம் நடத்தினோம். இந்த முறை அவளைக் கூட்டிப் போகாவிட்டால் அடுத்த விடுமுறைக்கு இன்னும் இரண்டு வருடம். பாஸ்போர்ட் வந்துவிட்டது, என் மாமியாரான அத்தைதான் அசையவில்லை.

"ஏனுங் மாப்ளை, கண்ணுக்கு எட்டாத சீமைக்கு ஒத்தப் புள்ளைய அனுப்பிப்போட்டு நான் எப்படி இருப்பனுங்?"

மாமாவோ, அத்தையின் முகத்தைப் பார்த்துத்தான் தன் அபிப்பிராயத்தையே தெரிந்துகொள்வார்.

அந்தச் சீமை அப்படி ஒன்றும் அந்நியமில்லை என்று காட்ட, பாட்டைப் போட்டுக் காட்டுவது என்று முடிவுசெய்தேன். மைக் செட் காதர் பாய் இசைத்தட்டுப் பெட்டியோடு அத்தை வீட்டுக்கு வந்தார். வீட்டுக்குள் கேட்டால் போதும் என்று நான் சொல்லச் சொல்லத் தென்னை மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டினார்.

"மரத்துல கட்டாட்டி அது கொழாயே இல்லீங்க" என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்கு இங்கிலீஷ்காரன் தெரு முழுக்கப் பாடினான். விசேஷமா துக்கமா என்று தெரியாமல் அக்கம்பக்கத்தார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள்.

கோயில் திருவிழாவான நோம்பியில் உடுக்கை அடித்தால் அத்தைமேல் மாரியம்மன் இறங்குவாள். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் என் மரமண்டைக்கு அன்று எட்டவில்லை. கக்கத்து மேளம் பேச ஆரம்பித்ததும் அடுப்படியிலிருந்து அத்தை தலைவிரி கோலமாக வந்தார். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. மாமா கற்பூரம் தேடி ஓடினார்.

"நிறுத்திரட்டுங்ளா?" என்றார் காதர் பாய், வெளிறிப்போய்.

"சாமி வந்து நிக்கறப்பக் கொட்ட நிறுத்துவாங்களா பாய்?" என்று மாமா அதட்டினார். பிறகு கற்பூரத்தைக் கொளுத்தி, "தாயே, புள்ளையச் சீமைக்கு அனுப்பலாமா?" என்று கேட்டார்.

"அனுப்புடா! கடலுக்கு அக்கட்டாலயும் நாந்தான்டா நிக்கறேன். அந்தக் கொட்டு எனக்கு வேணும். இங்கயே வெச்சுப்போட்டுப் போகச் சொல்லு!"

பாட்டு முடிந்தது, அம்மனும் மலையேறினாள். தண்ணீர் குடித்துவிட்டு, நடந்ததைச் சொல்லக் கேட்ட அத்தை, "சாமியே சொன்னதுக்கப்பறம் நான் என்னத்தச் சொல்றதுங்" என்று சரசுவின் சேலைகளை மடிக்க உட்கார்ந்தார். இசைத்தட்டு குங்குமப் பொட்டோடு சாமி படத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது.

திரும்பி வந்ததும் டுண்டே, "எங்கள் மேளம் உங்கள் ஊரில் எடுபட்டதா?" என்று கேட்டார். சிரிக்கப் போகிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சாதாரணமாக, "எந்தத் தெய்வம் வந்தது? என் சித்தி மேல் வருவது ஆற்றுத் தெய்வம்" என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

போன வாரம் மாமாவின் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் காதர் பாயை வரவழைத்து, அத்தை அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் போடச் சொல்கிறாராம். அருள் எதுவும் வருவதில்லையாம். கொண்டை கலையாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு, 'புள்ள ஊட்டுப் பக்கம் இந்தச் சத்தந்தான் கேக்குமாட்ட இருக்குது' என்று எழுந்து போய்விடுகிறாராம்.

கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, "அன்னிக்குச் சாமி மட்டும் வரலைன்னா நீ இங்க வந்திருப்பியா?" என்றேன் சரசுவிடம். அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

"ஏனுங்க, சாமி வர்றவங்க பாலை எறக்கி வெச்சுப்போட்டா வருவாங்க?"

எனக்குப் புரியவில்லை.

"நானும் அடுப்படியிலதான் நின்னனுங். கொட்டுச் சத்தம் கேட்டுது. அம்மா பாலை எறக்கி வெச்சாங்க. என்னைய ஒருக்காப் பாத்தாங்க. அப்பறந்தான் கொண்டைய அவுத்தாங்க."

எதிர்வீட்டில் அன்று குழந்தைக்குப் பெயர் வைக்கும் சடங்கு. தெருமுனையில் கக்கத்து மேளம் பேசத் தொடங்கியது. சரசு பாலை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.