காலி செய்தவளின் இணைப்பு

என் அறைத்தோழியின் லேப்டாப் திறந்த கையோடு இணையத்துக்குள் போய்விடும். என் கம்ப்யூட்டர் போகாது. ஓசூரில் டிப்ளமோ படித்தபோது ஹாஸ்டல் அறையில் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த தகராறு அவ்வளவுதான். தகராறு என்று நான்தான் சொல்கிறேன். அப்படி ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது.

அவள் ஓசூருக்குப் பக்கத்தில் பேரிகை என்ற ஊர்க்காரி. வீட்டில் நிலம், போர்வெல், பசுமைக்குடிலில் குடைமிளகாய். அப்பாவிடம் தெலுங்கு, சமையற்காரம்மாவிடம் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மூன்றிலும் கலகலவென்று பேசுவாள். நான் விருதுநகர்ப் பக்கம். இங்கே ஃபாக்டரியில் இருந்த மாமாவை நம்பி வந்து சேர்ந்தவள். மாமாவின் கம்பெனி பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிட்டபோது அவர் எனக்கு ஒன்று வாங்கித் தந்தார். கம்பெனி ஸ்டிக்கர்கூட உரியாமல் இருந்தது.

அதில் வைஃபை கிடையாது. சுவரிலிருந்து கேபிள் இழுத்துச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது, இணைந்துவிட்டது என்று திரையும் சொன்னது, ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. திங்கட்கிழமை தோறும் வரும் டெக்னீஷியன் எட்டிப் பார்த்துவிட்டு, "லைன் சரியாத்தான் இருக்குது, உங்க மிஷின்தான் பழசு" என்று போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஃபாக்டரியின் டிரெய்னி வேலைக்கு ஆன்லைன் தேர்வு. காலையிலிருந்து மாலைக்குள் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் போனில் எழுத முடியாது. இருவருமே விண்ணப்பித்திருந்தோம். வேலை கிடைக்காவிட்டால் படிப்பு முடிந்ததும் நான் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளுக்கு அந்தக் கவலை இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"நான் எழுதி முடிச்சதும் என்னுதுலயே எழுதிக்கடி" என்றாள். வேண்டாம் என்றேன். அவளுடைய மிச்சத்தில் நான் எழுத வேண்டுமா என்று வயிறு எரிந்தது.

எங்கள் ஹாஸ்டலுக்குள் போன் டேட்டா எடுக்காது, ஹாஸ்டல் இணைப்பும் ஆளுக்கு ஒரு கருவிக்குத்தான். வார்டன் நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் யாராவது அறையைக் காலி செய்துகொண்டு போனால் அவள் பெயரில் இருந்த இணைப்பை மற்றொருத்தி எடுத்துக்கொள்வாள். எல்லா அறையிலும் நடந்தது, யாரும் வெளியே சொல்ல மாட்டோம். என் தோழியின் போன் அவள் பெயரில் இருந்தது. லேப்டாப், போன வருடம் காலி செய்தவளின் பெயரில் ஓடியது.

சனிக்கிழமை காலை நான் வார்டனிடம் போய் அதைச் சொன்னேன். இரண்டு கருவியை வைத்து அவள் இழுப்பதால்தான் என் கம்ப்யூட்டருக்கு வரவில்லை என்றேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். வார்டன் நோட்டில் அந்தப் பெயரை அடித்தார், டெக்னீஷியனுக்குப் போன் போட்டார். மத்தியானத்துக்குள் அவள் லேப்டாப் செத்துவிட்டது. போனை எடுத்துவிட்டு லேப்டாப்பைத் தன் பெயரில் போடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றுவிட்டார் வார்டன்.

"யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கடி" என்று கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

"யாரா இருக்கும்?" என்று நானும் கேட்டேன்.

என் கேபிளைப் பிடுங்கி அதில் செருகவும் வழியில்லை. அவள் லேப்டாப் அவ்வளவு மெல்லிசு, கேபிள் செருக ஓட்டையே கிடையாது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் எதையோ திறந்து மூடிக்கொண்டிருந்தவள் சட்டென்று சிரித்தாள்.

"இங்க பாரு. வெளிய போற வழின்னு உன் மாமா கம்பெனி போட்ட அட்ரஸ எவனும் எடுக்கல. இது இன்னும் அந்த ஃபாக்டரி வழியாவே போகப் பாக்குது."

அதை அழித்தாள். பக்கம் திறந்தது. இத்தனை நாள் எனக்கு மக்கர் பண்ணிய என் கம்ப்யூட்டர், அவள் கை பட்டதும் பணிந்துபோனது. சந்தோஷப்பட வேண்டிய அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

"நாளைக்கு நானும் இதுல எழுதிக்கட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உன்னுது, நீயே மொதல்ல எழுது."

நான் முதலில் எழுதினேன். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் எழுதினாள்.

அவளுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்வீட் பாக்ஸோடு அறை அறையாகப் போனாள். "இவ கம்ப்யூட்டர் இல்லன்னா எனக்கு இந்த வேலையே இல்ல" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னாள். வார்டனிடமும் சொன்னாள். வார்டன் ஒரு ஸ்வீட்டை எடுத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இவளால் மட்டும் எப்படி இத்தனை லேசாக நன்றி சொல்ல முடிகிறது என்று அப்போதும் நான் பொறாமைப்பட்டுக்கொண்டுதான் நின்றேன்.