அதான் மெயின்லேண்ட் போறோமே

எனக்கு வந்தது என்ன நோய் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசிவரை அதையே எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்தமானில், மாயாபந்தரில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் கிளார்க். ஒரு டிசம்பர் கடைசியில் ஆரம்பித்தது. மத்தியானம் மூன்று மணிவாக்கில் வலது கை விரல்கள் மரத்துப்போகும், பேனா நழுவும். கூடவே ஒரு காய்ச்சல். தொட்டால் தெரியாது, தெர்மாமீட்டர் வைத்தால்தான் தெரியும். ஐந்தரைக்கு இரண்டும் போய்விடும். சில நாள் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். எங்கள் ஹெட் கிளார்க் பெங்காலிக்காரர், நல்ல மனுஷர், வாய் மட்டும் சும்மா இருக்காது. "காம் சே பச்னே கா பஹானா ஹை க்யா, மேடம்?" என்றார். வேலைக்கு டிமிக்கி கொடுக்கச் சாக்கா என்று கேட்கிறாராம். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு போர்ட் பிளேருக்கு அனுப்பினார். அங்கே ரத்தம், ஸ்கேன், நரம்புக்கு ஊசி குத்திப் பார்ப்பது எல்லாம் முடிந்தது. கடைசியில் ஸ்பெஷலிஸ்ட் என் ஃபைலை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்.

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தாம்மா. ஆனா நீங்க சொல்றது நார்மல் இல்லை. மெயின்லேண்டுக்கு ரெஃபர் பண்ணி எழுதித் தர்றேன். பெரிய ஆஸ்பத்திரில ஒரு தடவை காட்டிடுங்க."

பெரிய ஆஸ்பத்திரி என்றால் எங்களுக்கு அர்த்தம் ஒன்றுதான். கடலைத் தாண்டி, தமிழ்நாட்டில், ஊர் ஊராக ஜனங்கள் வந்து பாய் விரித்துக் காத்துக் கிடக்கும் ஆஸ்பத்திரி. அங்கே போயும் தெரியாவிட்டால் பிறகு கடவுள்தான்.

இந்த இடத்தில் தீவுக்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். உடம்பில் எது வந்தாலும் நாங்கள் "மெயின்லேண்ட் போறப்போ பார்த்துக்கலாம்" என்போம். பல் ஆடினால், கண்ணாடியின் பவர் ஏறினால், முட்டி பிடித்துக்கொண்டால் எல்லாவற்றையும் சேர்த்து வைப்போம். யாராவது ஒருவருக்கு ரெஃபரல் கிடைத்ததும், துணைக்குப் போகிறவர் தன் சீக்குகளையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொள்வார். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மாமனாரின் கண்புரைக்குத் துணையாகப் போனார், தன் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பினார். மாமனாரின் கண் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. எப்படியும் போகிறோம், அப்படியே இதையும் பார்த்துக்கொண்டு வந்துவிடலாம் என்பதுதான் எங்கள் கணக்கு.

என் வீட்டுக்காரருக்கு பஜாரில் ஹார்டுவேர் கடை. ஆணி, பெயிண்ட், தார்ப்பாய், நைலான் கயிறு. அவரும் நானும் இங்கேயே பிறந்தவர்கள்தான். ஆனால் இரண்டு பேர் வீட்டிலும் பெரியவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்ததால் பேச்சு மட்டும் அந்தப் பக்கத்தை விட்டு வரவில்லை. அவர் பேசுவது குறைவு. அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவதால் வீட்டில் குறை தெரியாது.

ரெஃபரல் கைக்கு வந்ததும் ஜனவரியில் டிக்கெட் போட்டோம். நான் நோயாளி, அவர் துணை. போவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது கேன்சல் செய்தேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, பரீட்சை நேரத்தில் வீட்டில் அம்மா இல்லாவிட்டால் எப்படி என்றேன். அவள், "நீ இல்லாட்டித்தான்மா நான் நிம்மதியா படிப்பேன்" என்றாள். உண்மைதான். இருந்தாலும் கேன்சல் செய்தேன்.

பரீட்சை முடிந்தது. மறுபடி டிக்கெட் போட்டோம். அப்போது ஆபீஸில் ஆடிட் வந்தது. ஆடிட்டுக்கு நான் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன். அந்த டிக்கெட்டும் போயிற்று.

அதற்குள் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். காய்கறிக்காரி முதல் பஸ் கண்டக்டர் வரை "இன்னும் போகலையா, போய்ட்டு வந்துடுங்க" என்றார்கள். எனக்கு ஒரு பிறவிக்குணம் உண்டு. ஒரு காரியத்தைச் செய் என்று நாலு பேர் சொன்னால் அதைச் செய்யவே தோன்றாது. ஏப்ரலில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒருத்தி வயிற்றுவலி என்று மெயின்லேண்ட் போனாள். இருபதே நாளில் பெட்டியில் வந்தாள். போனதால்தான் செத்தாள், போகாமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். படித்தவள் நான், கேட்டுவிட்டுச் சிரித்தேன். உள்ளுக்குள் நம்பினேன்.

பரீட்சை, ஆடிட், பிறவிக்குணம் எல்லாம் சும்மா. பயம், அவ்வளவுதான். பெயர் தெரியாத வரைக்கும் அது மூன்று மணிக்கு வந்து ஐந்தரைக்குப் போகிற ஒரு தொந்தரவு. பெரிய ஆஸ்பத்திரி அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் பிறகு அது ஐந்தரைக்குப் போகுமா? இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அத்தனை காரணமும் வேண்டியிருந்தது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து சூரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் மீன் வெட்டுவது அவர் வேலை. நான் கொல்லை வாசல்படியில் நின்று முடிவாகச் சொன்னேன்.

"என்னங்க, நான் போவலை. முடிவு பண்ணிட்டேன். வந்தா வருது, போனா போவுது. இனிமே டிக்கெட் கிக்கெட்னு யாரும் பேசக் கூடாது."

அவர் "சரி" என்றார். தரையைக் கழுவிவிட்டார். துண்டுகளைச் சட்டியில் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்ப என்னோடத எப்ப பாக்க?"

"உங்களோடது என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுக்குப் போறப்ப ரத்தம் வருது."

கடையில் இரண்டு இஞ்ச் ஆணி தீர்ந்துவிட்டது என்பாரே, அதே குரல்.

"என்ன சொல்லுதிய? எப்ப இருந்து?"

"பொங்கல் கழிஞ்சு. வலி கிலி ஒண்ணும் இல்ல. நடுவுல பத்து நாள் வரல. பொறவு வந்துச்சு."

"நாலு மாசமா! ஏன் சொல்லல? இங்க ஆஸ்பத்திரில காட்டியிருக்கலாம்லா?"

"இங்க காட்டுனா பிளேருக்குப் போம்பாங்க. பிளேர்ல மெயின்லேண்டுக்குப் போம்பாங்க. அதான் மெயின்லேண்ட் போறோமே, அங்கன பாத்துக்கிடலாம்னு இருந்தேன். நீதான் டிக்கெட் போட்டுட்டே இருந்தியே."

கையிலிருந்த கரண்டியை வீசினேன். அவர் மேல் இல்லை, சுவர் மேல். அறிவு இருக்கா, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று தெரு கேட்கக் கத்தினேன். அவர் மீன் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கத்தி முடிக்கட்டும் என்று நின்றார். ஒவ்வொரு டிக்கெட்டைக் கேன்சல் செய்தபோதும் அவர் "சரி, அப்ப எப்ப?" என்று கேட்டிருந்தார். என்னை நச்சரிக்கிறார் என்று நினைத்துச் சண்டை போட்டிருந்தேன். அது நினைவுக்கு வந்ததும் கத்துவதை நிறுத்தினேன்.

நான்கு மாதம் முடியாத காரியம் நான்கு நாளில் முடிந்தது. திங்கட்கிழமை விடியற்காலை பஸ், போர்ட் பிளேரில் இரண்டு நாள், அப்புறம் விமானம். அவருடைய ஆதார் அட்டை நகலைத் தேடியதில் என் ஃபைலை வீட்டிலேயே மறந்துவிட்டேன். அதை மகள் ஓடிவந்து பஸ் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னையும் பார்த்தார்கள். கையைத் தட்டினார்கள், காலைத் தட்டினார்கள், மூக்கைத் தொடச் சொன்னார்கள். இப்போதைக்குக் காரணம் தெரியவில்லை, பயப்படும்படி எதுவும் இல்லை, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று ஒரு வைட்டமின் மாத்திரை எழுதினார்கள். நான் இத்தனை மாதம் பயந்தது இவ்வளவுதான். மூன்று மணி அங்கேயும் வந்தது, போனது. விரல் மரத்ததா என்று கவனிக்க எனக்கு ஞாபகம் இல்லை. ஆவணி ஓணத்துக்குள் அது தானாகவே நின்றிருந்தது.

அவரைப் பார்த்த டாக்டர் சின்ன வயது. உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, ஒரு வாரம் கழித்து எங்களை எதிரே உட்கார வைத்தார். மூத்திரப்பையில் கட்டி, புற்று. மேல் தோலோடு நின்றிருந்தால் சுரண்டி எடுத்திருப்பார்களாம். சதைக்குள் இறங்கிவிட்டது. பையையே எடுக்க வேண்டும், வயிற்றில் துளை போட்டு வெளியே ஒரு பை மாட்டிவிடுவார்கள் என்றார். நல்ல டாக்டர், எதையும் மழுப்பவில்லை. எல்லாம் சொன்ன பிறகு பேப்பரைப் பார்த்துக் கேட்டார்.

"நாலு மாசமா ரத்தம் போகுதுன்னு எழுதியிருக்கு. ஏங்க இவ்வளவு நாள் வரலை?"

என் வீட்டுக்காரர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு சொன்னார்.

"நாங்க அந்தமான்ங்க சார். கடல் சரியில்ல. அங்கருந்து கிளம்ப முடியல."

டாக்டர் "ஓ" என்று தலையாட்டினார். நம்பிவிட்டார். மெயின்லேண்டில் எல்லாரும் நம்புவார்கள். அவர்களைப் பொறுத்தவரை நாங்கள் வருஷம் முழுக்கப் புயலில்தான் குடியிருக்கிறோம். ஜனவரியிலிருந்து மே வரைக்கும் எங்கள் கடல் தாம்பாளத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி இருக்கும் என்று அவருக்கு யார் சொல்வது?

நான் சொன்னேன். "கடல் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். நான்தான் வரலை. எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு."

டாக்டர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு ஆபரேஷன் தேதியை எழுத ஆரம்பித்தார். இவர் மேஜைக்கு அடியில் என் முழங்காலில் ஓர் இடி இடித்தார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் கேட்டார்.

"உன்ன யாருட்டி கேட்டா? உண்மையைச் சொல்லிட்டா பை திரும்ப வந்துருமா?"

வராந்தாவில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் நடுவிலும் அழுதேன். அவர் கேன்டீனுக்குப் போய் எனக்கு மட்டும் ஒரு டீ வாங்கி வந்தார். மறுநாள் டெஸ்ட்டுக்கு அவர் பட்டினி.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கடைக்குப் போகிறார், வருகிறார். பையைச் சட்டைக்குள் விட்டுக்கொள்கிறார். வருஷத்துக்கு இரண்டு தரம் செக்கப்புக்குப் போகிறோம். எந்த டிக்கெட்டையும் நான் கேன்சல் செய்வதில்லை.

வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதையேதான் கேட்கிறார்கள், ஏன் முன்னமே போகவில்லை என்று. அவரும் அதையேதான் சொல்கிறார், அந்த வருஷம் கடல் சரியில்லை என்று. கேட்கிறவர்கள் மாயாபந்தர்க்காரர்கள், திக்லிபூர்க்காரர்கள். படகு வைத்திருப்பவர்கள், கப்பல் ஜெட்டியில் வேலை பார்ப்பவர்கள். எந்த மாதம் கடல் எப்படி இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாததா?

"ஆமாம்ப்பா, அந்த வருஷம் கடல் சரியில்லதான்" என்கிறார்கள். என் முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. டாக்டரிடம் வாய் திறந்தவள், இவர்களிடம் ஒரு நாளும் திறந்ததில்லை. டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.