நான் திருடிய பட்டா புத்தகம்

போலீஸ் ரோந்து வந்தால் திருட்டு குறையுமா? முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். சேக்காட்டில் எங்கள் தெருமுனைக் கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி தொங்கும். உள்ளே பட்டா புத்தகம்; நிலப் பட்டா அல்ல, போலீஸின் ரோந்து நோட்டு. ரோந்து வரும் ஏட்டு அதில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. போலீஸ் நோட்டை எவன் எடுப்பான்?

நான் எடுத்தேன், ஒரு நாள் காலையில். அரை மணியில் ஜெராக்ஸ் போட்டுத் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைப்பு. கடையில் கரண்ட் போய்விட்டது. அது வர மூன்று மணி நேரம் ஆயிற்று.

நான் திரும்பி வந்தால் தெருமுனையில் கூட்டம். நடுவில் ஏட்டு. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கேமரா பதிவைச் செல்போனில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் கைவிடும் என் முகம், பளிச்சென்று.

"இன்னா தம்பி, பீரோ, பைக்குன்னு தூக்குவானுங்க. நீ என் நோட்டத் தூக்கிகினு போயிருக்க?" என்றார் ஏட்டு.

"ஆராய்ச்சிக்கு சார்."

"ஆராய்ச்சியாம்! புகார் எழுதியாச்சு, வண்டில ஏறு."

ஏறினேன். வெள்ளிக்கிழமைக்குள் இன்ஸ்பெக்டரின் அனுமதிக் கடிதம் இல்லாவிட்டால் ஆய்வேட்டை வாங்கமாட்டார்கள். அந்தக் கடிதம் கையெழுத்துக்காக அவர் மேசையில்தான் கிடந்தது. இப்போது அதே மேசையில், அதன்மேலேயே, புகார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். "நோட்ட எடுத்த இவன்தான் லெட்டர் கேட்டவனா?"

"அவனேதான் சார்" என்றார் ஏட்டு.

"சரி, விடு. பதினோரு மணின்னு நோட்டுல கையெழுத்தப் போடுய்யா, முடிஞ்சுது."

ஏட்டு அசையவில்லை. "பதினொண்ணுக்கு நான் வந்தேன் சார், நோட்டுதான் வரல. இப்ப மணி ரெண்டு. இவன் பாட்டுக்கு என்னப் பத்தி எதுனா எழுதிட்டான்னா?" என்று என்னை முறைத்துக்கொண்டே எழுதினார்: '11.00: வந்தேன், புத்தகம் இல்லை. 2.00: எடுத்தவர் புத்தகத்துடன் ஆஜர்.' கீழே என்னிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார்.

இன்ஸ்பெக்டர் புகாரைக் கிழித்தார். கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் பேனாவை நிறுத்தினார். "ஒரு கண்டிஷன். இந்தத் திருட்டயும் எழுதணும். அன்னிக்கே கண்டுபிடிச்சோம்னும் எழுதணும்."

எழுதினேன், திருடன் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு. நான் கவனித்த நாட்களில் எங்கள் தெருவில் நடந்த திருட்டு அது ஒன்றுதான்.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக் கேட்டார்: "ரோந்து இருந்தும் இவன் எப்படித் துணிந்தான்? அவனிடம் பேட்டி எடுத்தீர்களா?"